கூப்பர்ஸ்டவுன் வெண்கலப் பலகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சிக்கு வந்த புதிதில் பேஸ்பால் எனக்குத் தலையும் புரியாத, வாலும் புரியாத ஆட்டம். மகன் பள்ளி விட்டதும் கையுறையை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் நானும் உட்கார்ந்து பார்த்தேன், படித்தேன், மனசைப் பறிகொடுத்தேன். இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா பயணத்தில் ஒரு நாளைக் கூட்டி, கூப்பர்ஸ்டவுனுக்கு அழைத்துப் போய்விடுகிறேன். அங்கே வெண்கலப் பலகைகள் மாட்டியிருக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் மாமாவும் சரி, தங்கை வீட்டுக்காரரும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சரி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன ஊரு? ஒரு பலகையைப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம்?

நியூயார்க் மாநிலத்தில் ஓட்சேகோ ஏரிக்கரையில் இருக்கும் சின்னக் கிராமம் கூப்பர்ஸ்டவுன். நியூயார்க் நகரத்திலிருந்து காரில் நான்கு மணி நேரம் ஆகும். 1939 ஜூன் 12 அன்று இங்கே பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஆட்டத்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபம், திறக்கப்பட்டது. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று அருங்காட்சியகம்: பழைய மட்டைகள், பந்துகள், சட்டைகள், கையுறைகள். இன்னொன்று பலகைக் கூடம். இந்த இரண்டையும் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சில கேள்விகளுக்கு விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

கூடத்தில் ஆளுக்கு ஒரு பலகை. தொப்பி போட்ட முகம் புடைப்புச் சிற்பமாக இருக்கும். அதன் கீழே முழுப்பெயர், பட்டப்பெயர், ஆடிய அணிகள், ஆண்டுகள், பிறகு சில வரிகளில் அவர் செய்தது என்ன என்பது. 2025 வரை 351 பேருக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் வீரருக்கு இதற்கு மேல் மரியாதை கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும்போது நடுகல்லை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். உருவம், பேர், செய்த காரியம், அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு இத்தனூண்டு பலகையா? சிலை வைக்கலாமே?

சிலைகள் அந்தந்த அணியின் மைதான வாசலில் இருக்கின்றன. கூப்பர்ஸ்டவுன் பலகை உயரம் 15.5 அங்குலம், அகலம் 10.75 அங்குலம், எடை 14.5 பவுண்டு, அதாவது ஆறரைக் கிலோ. எல்லோருக்கும் ஒரே அளவு. பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரம் பேப் ரூத்துக்கும் அதே அளவு, பெயர்கூட நம் காதில் விழாத ஒரு நடுவருக்கும் அதே அளவு. இந்தக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே வந்துவிட்டால் பெரியவர் சின்னவர் கிடையாது.

இதை யார் செய்யறாங்க? மெஷின்ல அடிக்கறதா, கையால செதுக்கறதா?

முகத்தைச் சிற்பி கையால் வடிக்கிறார். 2016 முதல் சின்சினாட்டி நகரத்துச் சிற்பி டாம் சுச்சியா இந்த வேலையைச் செய்துவருகிறார். புகைப்படங்களைப் பார்த்துக் களிமண்ணில் முகம் பிடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றி வார்க்கிறார்கள். பின்புலம் கறுத்திருக்கும், எழுத்துகள் மட்டும் மெருகேறிப் பளபளக்கும். வாசகத்தை வீரர் எழுதுவதில்லை. அது ஹால் ஆஃப் ஃபேமின் பொறுப்பு.

பழைய பலகைகளில் வாசகம் மிகவும் சுருக்கம். பேப் ரூத்துக்கு மூன்றே செய்திகள்தான்: பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகக் கூட்டத்தை ஈர்த்தவர், பல ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) சாதனைகளை வைத்திருப்பவர், 714 ஹோம் ரன்களும் உலகத் தொடரில் (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் போட்டி) 15-ம் அடித்தவர். இப்போது வார்க்கப்படும் பலகைகளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சொற்கள் இருக்கின்றன. எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

யாருக்குப் பலகைன்னு யார் முடிவு பண்றாங்க? ரசிகர்கள் ஓட்டா?

ரசிகர்களுக்கு ஓட்டு இல்லை. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வீரர் குறைந்தது 10 சீசன் மேஜர் லீக்கில், அதாவது உச்சநிலைத் தொழில்முறை லீக்கில், ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஒரு வாக்குச்சீட்டில் அதிகபட்சம் 10 பெயரைக் குறிக்கலாம். பதிவான சீட்டுகளில் 75 சதவீதத்தில் பெயர் இருந்தால் பலகை உண்டு. 5 சதவீதம்கூடக் கிடைக்காதவர் அந்த ஆண்டோடு பட்டியலிலிருந்து போய்விடுவார். மற்றவர்களுக்கு 10 ஆண்டு வரை வாய்ப்பு.

அங்கே தவறியவர்களையும் மேலாளர்கள், நடுவர்கள், அணி உரிமையாளர்களையும் பார்க்க 16 பேர் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் 12 ஓட்டு வேண்டும். விதியில் ஆட்டத் திறமையோடு நேர்மை, நடத்தை, விளையாட்டு மாண்பு ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதல் முதல்ல யாருக்குக் கிடைச்சுது?

கட்டடம் திறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1936-ல், முதல் தேர்தல் நடந்துவிட்டது. 226 பேர் ஓட்டுப் போட்டார்கள். டை காப் 222, பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலா 215, கிறிஸ்டி மேத்யூசன் 205, வால்டர் ஜான்சன் 189. இந்த ஐவர்தான் முதல் வரிசை. மேத்யூசன் 1925-லேயே இறந்துவிட்டார்.

பேப் ரூத்துக்கே 11 பேர் ஓட்டுப் போடலையா! அப்ப நூத்துக்கு நூறு யாருமே வாங்கலையா?

ஒரே ஒருவர் வாங்கியிருக்கிறார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) மரியானோ ரிவேரா, 2019-ல், 425-க்கு 425. அடுத்த ஆண்டே அவருடைய அணித் தோழர் டெரக் ஜீட்டர் 397-க்கு 396 வாங்கினார். 2025-ல் ஜப்பானின் இச்சிரோ சுசுகி 394-க்கு 393. அந்த ஒரு ஓட்டை யார் போடாமல் விட்டது என்று ரசிகர்கள் இன்றும் குமுறுகிறார்கள். என்னைக் கேட்டால், பலகையில் சதவீதம் எழுதுவதில்லை. ரிவேராவுக்கும் அதே ஆறரைக் கிலோதான்.

அஞ்சு வருஷம் காத்திருக்கணும்னீங்க. அதுக்குள்ள ஆளு போய்ட்டா?

இதற்கு விடையாக இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். முதலாமவர் லூ கெரிக். தொடர்ந்து 2130 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர். 1939-ல் நரம்பைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய் அவரைப் பிடித்தது. அந்த டிசம்பரிலேயே காத்திருப்பு விதியைத் தள்ளிவைத்து எழுத்தாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1941 ஜூனில் இறந்துபோனார், வயது 37. அவருக்கென்று முறையான விழா நடக்கவே இல்லை. 2013-ல்தான், அவரைப்போல விழா காணாத மற்றவர்களோடு சேர்த்து, அவருடைய பெயரையும் மேடையில் சொல்லிக் கௌரவித்தார்கள்.

இரண்டாமவர் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. புவெர்ட்டோ ரீக்கோக்காரர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் 18 சீசன் ஆடியவர். 1972 டிசம்பரில் நிகராகுவாவில் பெரிய நிலநடுக்கம். முன்னால் அனுப்பிய உதவிப் பொருட்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போனால்தான் சேரும் என்று டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்த சீசனின் கடைசியில் அவர் அடித்த ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்வது), அவருடைய 3000-வது ஹிட். சரியாக 3000-ல் கணக்கு நின்றுபோனது. 1973-ல் தனித் தேர்தல் வைத்தார்கள், 424-ல் 393 ஓட்டு. அதன் பிறகு, காத்திருக்கும் காலத்தில் ஒருவர் இறந்துபோனால் ஆறு மாதம் கழித்து அவரைக் கருதலாம் என்பதே விதியாகிவிட்டது.

அவர் பலகையில பேரே தப்பா இருந்துச்சாமே, நெசமா?

நிஜம்தான். 1973-ல் வார்த்த பலகையில் 'ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே' என்று இருந்தது. ஸ்பானிய வழக்கத்தில் தன் பெயர், அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் என்ற வரிசையில் வரும். வாக்கர் அவருடைய அம்மா வழிப் பெயர். ஆகவே 'ராபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர்' என்றுதான் இருக்க வேண்டும். அமெரிக்க வழக்கப்படி நடுப்பெயர் என்று நினைத்து மாற்றிப் போட்டுவிட்டார்கள். 2000-ல்தான் சரியான பெயரோடு புதுப் பலகை வார்த்து மாட்டினார்கள்.

இருபத்தேழு ஆண்டு! பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னாலும் நம் பெயர் பின்னாலும் ஏறி, வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் யாரோ நம் அப்பாவைக் கூப்பிடுவதுபோல நம்மைக் கூப்பிடும்போது எழுந்து போகிறோமே, நமக்கு இந்த வலி தெரியும். அவர் ஆடிய காலத்தில் வீரர்களின் படம் போட்டு விற்கும் அட்டைகளில் அவரைக் கேட்காமலே, ராபர்ட் என்பதன் அமெரிக்கச் சுருக்கமான 'பாப்' என்று அச்சடித்தார்கள். தன் பெயர் ராபர்ட்டோ என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படிப்பட்டவரின் பெயர் வெண்கலத்திலும் பிசகியது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

நாலு டீமுக்கு ஆடுனவருக்குத் தொப்பியில எந்த டீம் எழுத்தைப் போடுவாங்க?

கீழே வாசகத்தில் எல்லா அணிகளின் பெயரும் வந்துவிடும். தொப்பியில் ஒன்றுதான் வர முடியும். முன்பெல்லாம் வீரரின் விருப்பம் பெரும்பாலும் செல்லும். ஏதோ ஓர் அணி பணம் கொடுத்துத் தன் சின்னத்தைப் போடச் சொல்லக்கூடும் என்ற பேச்சு கிளம்பியதும், 2001 முதல் கடைசி முடிவை ஹால் ஆஃப் ஃபேம் தன் கையில் எடுத்துக்கொண்டது. வீரரைக் கலந்து பேசுவார்கள், ஆனால் முடிவு அவர்களுடையது.

கேரி கார்ட்டர் 1986-ல் நியூயார்க் மெட்ஸ் அணியோடு உலகத் தொடரை வென்றவர், மெட்ஸ் தொப்பியைத்தான் விரும்பினார். அவர் அதிக ஆண்டு ஆடியது மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்கு என்று 2003-ல் எக்ஸ்போஸ் சின்னத்தைப் போட்டார்கள். 2010-ல் ஆண்ட்ரே டாசனுக்கும் அதே கதை, அவர் கேட்டது சிகாகோ கப்ஸ். சில பலகைகளில் தொப்பி வெறுமையாக இருப்பதையும் கவனியுங்கள். கிரெக் மேடக்ஸ், ராய் ஹாலடே, மைக் முசீனா எல்லோரும் சின்னமில்லாத் தொப்பியோடு இருக்கிறார்கள். இரண்டு அணிகளுக்கும் நியாயமாக இருக்க அது ஒரு வழி. ஹாலடே 2017-ல் தன் சிறு விமானம் விழுந்து இறந்தவர், அவருக்காகக் குடும்பம் அந்த முடிவை எடுத்தது. எக்ஸ்போஸ் அணியே 2004-க்குப் பிறகு மான்ட்ரியலில் இல்லை. கார்ட்டரின் பலகை முன்னால் நிற்கும் மான்ட்ரியல்காரர்களின் முகத்தைப் பார்த்தால், அந்த முடிவு சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

இந்த ஊர்ல மட்டும்தான் பலகையா? மைதானத்துல எல்லாம் கிடையாதா?

நிறைய உண்டு. நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் 'மானுமென்ட் பார்க்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. 1932-ல் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸுக்கு முதல் கல் வைத்தார்கள். 1941-ல் கெரிக்குக்கு, 1949-ல் பேப் ரூத்துக்கு. அந்தக் காலத்தில் இந்த மூன்று கற்களும் வேலிக்கு உள்ளே, ஆடுகளத்தின் கோடியிலேயே நின்றன. பந்து அங்கே போனால் கற்களைச் சுற்றி ஓடித்தான் எடுக்க வேண்டும். 1970-களில் மைதானத்தைப் புதுப்பித்தபோதுதான் அவை வேலிக்கு அப்பால் போயின.

அட்லான்டாவில் வேறொரு விதம். 1974 ஏப்ரல் 8 அன்று ஹேங்க் ஆரன் 715-வது ஹோம் ரன்னை அடித்து ரூத்தைத் தாண்டினார். அந்த மைதானத்தை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கியபோது, பந்து விழுந்த இடத்தை மட்டும் அடையாளமிட்டுக் காத்தார்கள். மினியாப்பொலிஸ் அருகே ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குள், பழைய மைதானத்தின் ஹோம் பிளேட் (மட்டை வீரர் நின்று அடிக்கும் இடம்) இருந்த இடத்தில் தரையில் ஒரு பலகை பதித்திருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஐஸ்கிரீமோடு நடந்து போவார்கள்.

சாதனையை வேற யாராவது முறிச்சா, பலகையை மாத்துவாங்களா?

மாற்றுவதில்லை. ஹேங்க் ஆரன் 755 ஹோம் ரன் அடித்து மேஜர் லீக்கின் ஹோம் ரன் மன்னர் ஆனார் என்று 1982-ல் வார்த்தார்கள். 2007-ல் பேரி பாண்ட்ஸ் அதைத் தாண்டிவிட்டார், பலகை அப்படியேதான் இருக்கிறது. கெரிக்கின் 2130-ஐ 1995-ல் கேல் ரிப்கன் கடந்தார், அதுவும் அப்படியே. அந்தப் பலகை வார்த்த நாளில் அது உண்மை. அதனால் அது பொய்யாகிவிடாது.

எண்ணே தவறாக இருந்தால் என்ன என்பது இன்னும் சிக்கலான கேள்வி. டை காப் பலகையில் 4191 ஹிட் என்றிருக்கிறது. பின்னாளில் பழைய கணக்கேடுகளைத் துருவியவர்கள் 1910-ல் ஓர் ஆட்டம் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு 4189. பலகையில் 4191-தான் நிற்கிறது. இரண்டு ஹிட் பிசகுக்காக யாரும் மனம் புண்படவில்லை, விட்டுவிட்டார்கள். பெயர் பிசகுவது வேறு, எண் பிசகுவது வேறு.

ஜாக்கி ராபின்சனுக்கு மட்டும் பலகையை மாத்தினாங்களே, அது ஏன்?

இந்தக் கூடத்திலேயே முக்கியமான கதை இது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு ராபின்சன் களத்துக்கு வந்தபோது, அறுபது ஆண்டுக்கு மேல் கறுப்பினத்தாரை வெளியே நிறுத்திவைத்திருந்த வேலி உடைந்தது. வசைகள், கொலை மிரட்டல்கள், வேண்டுமென்றே காலை மிதித்த எதிரணிக்காரர்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பத்து சீசன் ஆடினார். 1962-ல் முதல் முயற்சியிலேயே தேர்வானார். அப்போது மாட்டிய பலகையில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1949-ல் சிறந்த பேட்ஸ்மேன், மிக மதிப்புமிக்க வீரர் விருது, வாழ்நாள் பேட்டிங் சராசரி .311 (ஆயிரம் முயற்சிக்கு 311 ஹிட்), ஃபீல்டிங் சாதனைகள் என்று ஆட்டக் கணக்குகள்தான் இருந்தன.

மறைத்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். தன்னை ஆட்டக்காரனாக மட்டும் எடைபோட வேண்டும் என்று ராபின்சனே வாக்காளர்களிடம் சொல்லியிருந்தார். முன்னோடி என்ற சலுகையில் நுழைந்தவன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய தன்மானம். 1972-ல் அவர் இறந்தார். தலைமுறைகள் மாறின. அந்தப் பலகையை மட்டும் படிக்கிற ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அவர் யார் என்றே தெரியாமல் போகும் நிலை வந்தது. 2008 ஜூனில், மனைவி ரேச்சல் ராபின்சன் உடனிருக்க, புதிய பலகையைத் திறந்தார்கள். ஆட்டக் கணக்குகளோடு, 1947-ல் கடும் எதிர்ப்பின் நடுவே நவீன மேஜர் லீக்கில் நிறத்தடையை நீக்கியபோது அவர் காட்டிய துணிச்சலும் நிதானமும் அதில் இடம்பெற்றன.

'நவீன' என்ற சொல்லைக் கவனிக்கச் சொல்லி எல்லோரையும் நிறுத்துவேன். 1884-லேயே டொலீடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் மேஜர் லீக் ஆடியிருக்கிறார். அவருக்குப் பிறகுதான் வேலி போட்டார்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் புதிய பலகையும் வேறொருவரை அழித்திருக்கும்.

அப்ப வேலிக்கு வெளியிலயே ஆடி முடிச்சவங்களுக்கு?

அவர்களுக்கென்று நீக்ரோ லீக்குகள் என்று அன்று அழைக்கப்பட்ட தனி லீக்குகள் இருந்தன. 1966-ல் டெட் வில்லியம்ஸ் தன் பலகையை வாங்கிய மேடையிலேயே, அந்த லீக்குகளின் நட்சத்திரங்களான சாச்சல் பேஜும் ஜாஷ் கிப்சனும் இங்கே வர வேண்டும் என்று பேசினார். அவர் வெள்ளைக்காரராக அறியப்பட்ட பெரிய நட்சத்திரம், அம்மா வழியில் மெக்சிகோ வம்சம். 1971-ல் பேஜைத் தேர்ந்தெடுத்தபோது, முதலில் தனிப் பிரிவில் வைப்பதாக அறிவித்தார்கள். உயிரோடிருந்தவரை தனி லீக், பலகைக்கும் தனிச் சுவரா என்று கேட்டு எதிர்ப்பு எழுந்தது. முடிவை மாற்றி எல்லோரோடும் ஒரே கூடத்தில் மாட்டினார்கள்.

கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்க மூன்று மாதம் இருக்கும்போது, 35 வயதில் இறந்தவர். 1972-ல் அவர் பலகை வந்தது. 'ஏறக்குறைய 800 ஹோம் ரன்' என்று அதில் இருக்கும். அந்த 'ஏறக்குறைய'வில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள். அந்த லீக்குகளின் ஆட்டக் கணக்கை முழுமையாக எழுதிவைக்க ஆளில்லை. 2024-ல் அந்தக் கணக்குகளில் கிடைத்தவற்றை மேஜர் லீக் ஏட்டில் சேர்த்தபோது, .372 என்ற சராசரியோடு டை காப்பைத் தாண்டி கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்.

பொம்பளைங்க யாருமே இல்லையாண்ணா?

ஒரே ஒருவர், எஃபா மேன்லி. வீராங்கனையாக இல்லை, எங்கள் நியூஜெர்சியின் நியூவர்க் ஈகிள்ஸ் அணியைக் கணவரோடு சேர்ந்து நடத்தியவராக. மேலே சொன்ன லீக்குகளைச் சேர்ந்த அணி அது, 1946-ல் அவர்களுடைய உலகத் தொடரை வென்றது. 2006-ல் தனிக் குழு தேர்ந்தெடுத்த 17 பேரில் அவரும் ஒருவர்.

ஜப்பான்ல ஒருத்தர் 868 ஹோம் ரன் அடிச்சிருக்காராமே, அவர் எங்க?

சதாஹாரு ஓ. அந்த 868 முழுக்க ஜப்பான் லீக்கில் அடித்தது. மேலே சொன்ன 10 மேஜர் லீக் சீசன் என்ற தகுதி அவருக்கு இல்லை. அவருடைய பலகை தோக்கியோவில், ஜப்பானின் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது, 1994 முதல். இச்சிரோ 2025-ல் இரண்டு இடத்திலும் தேர்வானார்.

பீட் ரோஸ் தான் எல்லாரையும் விட அதிக ஹிட்டு அடிச்சவர்னு கூகுள் சொல்லுது. தேடித் தேடிப் பாத்தேன், காணோமே?

4256 ஹிட். உண்மைதான், அந்தக் கணக்கில் அவருக்கு மேலே யாரும் இல்லை. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக இருந்தபோது தன் அணி ஆடிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார் என்பதற்காக 1989-ல் அவரை நிரந்தரமாக விலக்கினார்கள். விலக்கப்பட்டவரைத் தேர்தலில் சேர்ப்பதில்லை என்று 1991-ல் ஹால் ஆஃப் ஃபேம் விதி போட்டது. பல ஆண்டு மறுத்துவிட்டு 2004-ல்தான் ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பரில் இறந்தார். 2025 மே மாதம், நிரந்தர விலக்கு இறப்போடு முடிகிறது என்று பேஸ்பால் ஆணையர் அறிவித்தார். 1919 உலகத் தொடர் சூதாட்டத்தில் சிக்கிய ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கும் அது பொருந்தும். இருவரையும் இனி 16 பேர் குழு கருதலாம். அதற்கான கூட்டம் 2027 டிசம்பரில்.

அவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார், அதைப் பார்க்கத் தவறாதீர்கள். முதல் பதிலில் சொன்ன பிரிவு இதுதான். நடந்ததைச் சொல்வது அருங்காட்சியகம். போற்றுவது பலகைக் கூடம்.

சரி, பேரி பாண்ட்ஸ்? 762 ஹோம் ரன்னு, ஏழு தடவை பெரிய விருது. அவரும் சூதாடினாரா?

இல்லை. அவர்மேல் இருப்பது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு. விலக்கப்படவில்லை, பத்தாண்டும் பட்டியலில் இருந்தார். 2022-ல் கடைசி வாய்ப்பில் 66 சதவீதம்தான் கிடைத்தது. 'நேர்மை, நடத்தை' என்ற அந்த வரியைக் காட்டி எழுத்தாளர்கள் மறுத்தார்கள். அவருடைய 756-வது ஹோம் ரன் பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் இந்தச் சாதனையில் சந்தேகம் உண்டு என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி பொறித்திருக்கிறது. ஏலத்தில் வாங்கியவர் பொதுமக்களிடம் இணையத்தில் ஓட்டுக் கேட்டு அந்தக் குறியைப் போட்டுக் கொடுத்தார்.

என் கருத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்வது இது: பலகை கொடுக்கலாம், ஆனால் வாசகத்தில் அந்தக் காலத்தின் நிழலையும் எழுத வேண்டும். என் மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை. கறை இருப்பதாகத் தெரிந்தால் வார்க்கவே கூடாது என்கிறான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒருதடவை மாட்டின பலகையைக் கழட்டியிருக்காங்களா?

திருத்தி மாட்டியிருக்கிறார்கள், ஆளையே நீக்கியதில்லை. ராபர்ட்டோ அலோமார் 2011-ல் தேர்வானவர். பாலியல் அத்துமீறல் புகார் மீதான விசாரணைக்குப் பின் 2021-ல் அவரை மேஜர் லீக் விலக்கியது. டொரான்டோ மைதானத்தில் அவர் பெயர்த் தட்டியை இறக்கினார்கள். கூப்பர்ஸ்டவுனில் பலகை இருக்கிறது, தேர்வான நாளில் அவர் தகுதியோடுதான் இருந்தார் என்பது அவர்கள் சொன்ன காரணம். நீண்டகாலம் நிறத்தடையோடு நடந்த ஆட்டத்துக்குத் தலைமை வகித்த ஆணையர் கெனசா லேண்டிஸின் பலகையும் இருக்கிறது, 2020-ல் மிக மதிப்புமிக்க வீரர் கோப்பையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்ட பிறகும்.

எங்க டவுன் பிள்ளைங்க லீக்ல 20 வருஷம் கோச்சா இருந்த ஒருத்தர் காலமாயிட்டார். மைதானத்துல ஒரு பலகை வைக்கலாம்னு இருக்கோம். என்ன எழுதறது?

இந்தக் கேள்வி இரண்டு முறை வந்துவிட்டது. கூப்பர்ஸ்டவுன் பலகைகளைப் பல தடவை படித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். நாற்பது சொல்லுக்கு மேல் போக வேண்டாம். 'இதுவரை இல்லாத', 'எவராலும் முடியாத' என்றெல்லாம் போடாதீர்கள், ஆரன் பலகைக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, என்ன கற்றுக்கொடுத்தார். அவரைப் பார்த்தேயிராத ஒரு பிள்ளை இருபது ஆண்டு கழித்துப் படித்தால் அவர் யார் என்று தெரிய வேண்டும். ராபின்சனின் முதல் பலகையில் இல்லாமல் போனது அதுதான்.

எண்களை இரண்டு பேர் தனித்தனியே சரிபாருங்கள். தரையில் பதிக்காமல், எட்டு வயதுப் பிள்ளை நின்று படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள். வார்க்கக் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய வீட்டுக்குப் போய், ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, அவர் பெயரைக் குடும்பத்தார் கையாலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.